மரம் ஆடக் கூடாது

அன்று நான் கத்தியதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அறுபதுகளில், குடியரசு தின விழாவுக்காகச் சாத்தம் தீவின் மர ஆலையில் மரம் சுமக்கும் எட்டுப் பேருக்கு நடனம் அமைத்தேன். தோளில் நிஜ மரம். ஆனால் ஒருவர் காலோடு ஒருவர் கால் சேரவேயில்லை.

"என்ன மேஸ்திரி, தாளம்னா என்னன்னே தெரியாதா? எல்லாரையும் ஒரே காலை வைக்கச் சொல்லுங்க!"

மேஸ்திரி முனியசாமி மறுபேச்சின்றி அப்படியே சொன்னார். நான்காவது அடியில் மரம் ஊசலாடி என் பக்கம் சரிந்தது. பாய்ந்து வந்து தோள் கொடுத்துத் தாங்கியவர் அவர்தான்.

"ஒரே கால் வெச்சா மரம் ஆடும், டீச்சர்ஜி. மாத்தி மாத்தி வெச்சா ஏக்தம், துளிகூட அசையாது" என்றார், சிராய்த்த தோளைத் தடவியபடி. குரலில் கோபமே இல்லை.

அன்றே நடனத்தை மாற்றினேன். இன்றுவரை என் நடனங்களில் கால்கள் சேர்ந்து விழுவதில்லை. அதை என் பாணி என்று சொல்லிக் கைதட்டுகிறார்கள். தட்டிக்கொடுக்க வேண்டியது அந்தத் தோளை.