மூன்று தப்பு வேண்டும்

பத்தாம் வகுப்பில் அவளுக்கு ரப்பர் என்று பெயர். பென்சில் தேய்வதற்கு முன்னால் அவளுக்கு ரப்பர் தேய்ந்துவிடும். ஒரு கோடு கோணலானால் போதும், அழித்து, ஊதி, மறுபடி போடுவாள். விடை தெரிந்தாலும் மனசுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கையைத் தூக்குவாள். அதற்குள் வேறு யாராவது சொல்லி முடித்திருப்பார்கள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு அறிவியல் போட்டி அணியில் சேர்ந்தே ஆகவேண்டும் என்று ஆசை. மிச்சம் இருந்ததோ ஒரே இடம். அதற்கு ஒரு தேர்வு வைத்தார்கள். நூலகத்தில் புத்தகங்களைத் திருப்பிப் போடுகிற பெட்டி ஆழமானது. விழுந்து விழுந்து அட்டை கிழிகிறது. அதற்கு வழி சொல்ல வேண்டும். பெட்டியின் அடியில் பஞ்சு மெத்தை என்று வரைந்து, கலரும் அடித்துக் கொண்டுபோனாள்.

அறிவியல் டீச்சர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "மத்ததெல்லாம் எங்கம்மா?"

"எது டீச்சர்?"

"யோசிச்சு, சரிப்படாம விட்டது. குறைஞ்சது மூணு தப்பாவது காட்டணும்னு முதல்லயே சொன்னேனே. நாலு மணிக்குள்ள கொண்டுவா. இல்லன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தப்புக்கு அவள் எங்கே போவாள்? மதிய இடைவேளையில் நூலகத்து மூலையில் உட்கார்ந்து பொய்த் தப்புகளைத் தயாரிக்கத் தொடங்கினாள். முதலாவது, பெட்டி நிறையத் தண்ணீர். எழுதிவிட்டு அவளே சிரித்தாள். அடுத்தது, புத்தகத்துக்கு ஒரு குட்டி பாராசூட். மூன்றாவது மட்டும் சிக்குவேனா என்றது. ஏதோ ஒன்று கிடக்கட்டும் என்று பெட்டியின் அடிப்பலகையை ஸ்பிரிங் மேல் உட்காரவைத்து, பெட்டியின் வாய்வரைக்கும் தூக்கி வரைந்துவிட்டாள். 'பாரம் ஏற ஏறப் பலகை கீழே இறங்கும். இது தப்பு, ஏனென்றால்' என்று எழுதியவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

எவ்வளவு யோசித்தும் காரணம் வரவில்லை. பலகை மேலேயே இருந்தால் புத்தகம் விழ உயரமே இல்லையே! மெத்தையோ, பத்துப் புத்தகம் விழுந்ததும் அடியில் புதைந்துபோகும்.

நாலு மணிக்கு எல்லாவற்றையும் டீச்சரிடம் நீட்டினாள். "இதெல்லாம் பொய் டீச்சர். தப்பு வேணும்னு இப்பதான் நானே இட்டுக்கட்டினேன்."

"அப்போ மெத்தைதான் உன் விடையா?"

மெத்தைப் படம் பளிச்சென்று இருந்தது. ஸ்பிரிங் படத்தில் ஒரு கோடுகூட நேராக இல்லை.

"மெத்தைதான் டீச்சர் தப்பு. ஸ்பிரிங்தான் என்னோடது."

"வேலை செய்யுமா?"

"தெரியல டீச்சர்," என்றாள், சத்தமாகவே.

டீச்சர் அணிப் பட்டியலை இழுத்து அவள் பெயரை எழுதினார்.