பயில்வானும் இடது பெடலும்

உஸ்பெகிஸ்தானில் ஹிவா நகரத்துப் பக்கத்தில் பெக்துர்தி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பயில்வான் என்றால் வீடு வரை கொண்டுவந்து விடுவார்கள். கல்யாண வீட்டு மல்யுத்தங்களில் அவன் ஜெயித்துப் பரிசாக ஓட்டிவந்த செம்மறிக் கிடாக்களின் எண்ணிக்கை, அவன் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகக் கூடும். தோற்றது ஒரே ஒரு தடவை, பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஷோவோத் என்ற ஊரில். அந்தப் பேச்சை யார் எடுத்தாலும், "அன்னைக்குத் தரை ஈரம்ப்பா, கால் வழுக்கிடுச்சு" என்பான். அன்று பொட்டு மழை இல்லை என்பது ஊருக்கே தெரியும். அவன் முதுகின் அகலத்தைப் பார்த்துவிட்டு யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

அவன் மனைவி ஓய்ஜமாலுக்குக் கால்வாய்க்கு அக்கரையில் தையல் வேலை கிடைத்திருந்தது. திங்கள்கிழமை முதல் நாள். போக்குவரத்துக்குச் சைக்கிள்தான், அதன் பெடல்களோ தேய்ந்து, ஒரு பக்கம் வெறும் தண்டுதான் மிச்சம். புது ஜோடி வாங்கிவந்தவள், கடையில் கொடுத்து மாட்டிக்கொள்ளலாம் என்றாள். பயில்வானுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"நூறு கிலோ ஆளையே தூக்கிப் போட்டவன் நான். ஒரு பெடலைக் கழட்ட வெளியாளா? கழட்டலேன்னா இனிமே என்னை யாரும் பயில்வான்னு கூப்பிட வேணாம்!"

சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரன், முலாம்பழம் விற்கிற மத்நியாஸின் காதில் அது விழுந்தது. அவன் காதில் விழுந்தால் தெருவுக்கே கேட்ட மாதிரிதான்.

ஞாயிறு மத்தியானம் முசுக்கொட்டை மரத்தடியில் சைக்கிளை நிறுத்தினான் பயில்வான். மத்நியாஸ் தன் தம்பிகள் இருவரோடு வந்துவிட்டான். வலது பெடல் ஒரே தள்ளில் கழன்று வந்தது. பயில்வான் மீசையைத் தடவிக்கொண்டான். இடது பெடல் அசையவே இல்லை.

"என்ன பயில்வானே, காலையில ரொட்டி சாப்பிடலையா?" என்றான் மத்நியாஸ்.

பயில்வான் மூச்சைப் பிடித்து அழுத்தினான். ஸ்பானர் நழுவி விரல்முட்டித் தோல் உரிந்தது. எங்கள் ஊரில் ஒருவன் கஷ்டப்படுவதை எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம். கை கொடுக்காமல் மட்டும் நிற்கக் கூடாது. ஒரு தம்பி சீட்டில் ஏறி உட்கார்ந்தான், இன்னொருவன் ஹேண்டில்பாரைப் பிடித்தான். ஸ்பானரில் ஒரு குழாயைச் செருகி மத்நியாஸும் பயில்வானும் தம் கட்டினார்கள். பெடல் இன்னும் கெட்டியாக உட்கார்ந்தது.

"எங்க வீட்டுல இதைவிட நீளமான குழாய் கிடக்கு, எடுத்துட்டு வர்றோம்" என்று மத்நியாஸ் தம்பிகளோடு கிளம்பினான். "அதுக்குள்ள வேற பேர் ஒண்ணு யோசிச்சு வைங்க!"

பயில்வான் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஓய்ஜமாலுக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

"ஏங்க, வலது பக்கம் ஸ்பானரை நிமிர்த்தி வெச்சு எங்க தள்ளுனீங்க?"

"பின்சக்கரத்துப் பக்கம்."

"இந்தப் பக்கம்?"

"ஜாடி மூடியைத் திறக்கிற மாதிரிதான். ஊரே அப்படித்தானே திறக்குது?"

"இங்க அது முன்சக்கரத்துப் பக்கம்ல போகுது? இதையும் பின்னாடி தள்ளிப் பாப்போமே. நீங்க பெடல் மாட்டியிருக்கிற கிராங்க்கை ஆடாமப் பிடிங்க."

அவன் பிடித்தான். அவள் குழாயைப் பின்சக்கரத்தை நோக்கி உடம்பு எடையெல்லாம் போட்டுத் தள்ளினாள். 'டக்' என்றது. அதற்குப் பிறகு கையாலேயே சுற்றி எடுத்துவிட்டாள்.

"இடது பக்கத்து மரை தலைகீழ் போல. இவ்வளவு நேரமும் எல்லாரும் சேர்ந்து நல்லா இறுக்கியிருக்கீங்க!"

புதுப் பெடல்களின் மரையில், போன மாதம் ஜெயித்த கிடாவின் வால் கொழுப்பை கிரீஸுக்குப் பதிலாகத் தடவினாள். தண்டில் பொறித்த எழுத்தைப் பார்த்து, இடது எது வலது எது என்று பிரித்துக் கொடுத்தாள். பயில்வான் ஸ்பானருக்குக் கை நீட்டினான்.

"முதல்ல விரலால முன்னாடி சுத்துங்க. மல்லுக்கட்டாதீங்க."

இரண்டு விரலில் திருகினான். தானாக உள்ளே போனது. கடைசியில்தான் ஸ்பானரைத் தொட விட்டாள்.

ஆள் உயரத்துக்கு ஒரு குழாயைத் தூக்கிக்கொண்டு மத்நியாஸ் வந்து நின்றான். "அட! யாரு கழட்டுனது?"

"வேற யாரு, இவருதான். பயில்வான்னா சும்மாவா?" என்று டீயை ஊற்றினாள் ஓய்ஜமால். அவள் உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது. பயில்வான் அதைப் பார்த்தான். அவனுக்கு வெட்கமாகிவிட்டது.

"பொய் சொல்றா. கழட்டுனது இவதான்."

மத்நியாஸ் வாயைத் திறப்பதற்குள் பயில்வான் கையமர்த்தினான்.

"இரு, இன்னும் ஒண்ணு. ஷோவோத்துல அன்னைக்குத் தரை காஞ்சுதான் கிடந்துச்சு."