முதல் நாள் எது?

காது வலி என்று போனாலும் கடல் தாண்டி நான் வந்து சேர்ந்த இந்த ஹாலிஃபாக்ஸ் ஊரில் நர்ஸ் முதலில் கேட்பது மாதவிடாயைத்தான். கடைசியாக வந்ததில் முதல் நாள் எது என்பாள். வந்த புதிதில், பழைய பழக்கத்தில் வாய் தவறி, நான் குளித்த தேதியைச் சொன்னேன். ரத்தம் கண்டது அன்றைக்கா என்றாள். இல்லை, அன்றைக்குத்தான் குளித்தேன் என்றேன். அவள் பேனாவை வைத்துவிட்டு, எங்கள் வீட்டுக் குழாயில் வெந்நீர் வருகிறதா என்று கவலையோடு விசாரித்தாள். மாதம் ஒருமுறைதான் குளிக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு எரிகிறது. இதே கணக்கில்தான் என் படிப்பு போயிற்று.

தொண்ணூற்று நாலில் மயிலாப்பூரிலிருந்து தி.நகருக்கு வாழ்க்கைப்பட்டேன். அடையாறில் பி.எட். சேர இடம் கிடைத்திருந்தது. ஒரு வருடம் பிள்ளை வேண்டாம் என்று நானும் கணவரும் பேசிவைத்து, பாண்டி பஜார் பக்கம் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். போனோம் என்ன, நான் போனேன். அவர் வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். மாத்திரை வாங்கினால் மாமியார் கண்ணில் படும் என்றேன். "அப்போ நாள் பார்த்து இருங்க. மாசாமாசம் ஒழுங்கா வர்றவங்களுக்குத்தான் இது. முதல் நாள்லேர்ந்து எண்ணு. எட்டுலேர்ந்து பத்தொம்பது வரைக்கும் கிட்ட சேராதீங்க" என்றார்.

முதல் நாள் எது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் வீடுகளில் எல்லாமே தலைக்குக் குளித்த நாளிலிருந்துதான். அதற்கு முந்தைய மூன்று நாளும் கணக்கிலேயே கிடையாது. ஒதுங்கி இருக்கிறவளுக்கு நாள் ஏது? நான் குளித்த தேதியைச் சமையலறைக் காலண்டரில் மாமியார் பென்சிலால் சுழித்துவைப்பார். அதையே ஒன்று என்று வைத்து எண்ணினேன். மூன்று நாள் பிசகியது. இரண்டாம் மாதமே நின்றுவிட்டது.

"படிச்ச பொண்ணுதானே நீ? முதல் நாள்னா ப்ளீடிங் ஆரம்பிச்ச நாள்மா!" என்று டாக்டர் கத்தினார். மாமியார் தெருவுக்கே சர்க்கரை கொடுத்தார். பி.எட். இடம் வேறு யாருக்கோ போயிற்று.

என் மகள்மேல் கோபமில்லை. என் நாட்களைத் தெரிந்துவைத்திருந்த அத்தனை பேர்மேலும் கோபம். நான் ஊறுகாய் ஜாடியைத் தொடலாமா, கோயிலுக்கு வரலாமா என்று விரல் மடக்கத் தெரிந்தது. எந்த நாளில் பிள்ளை உண்டாகும் என்பது மட்டும் ஒருத்தி வாயிலும் வரவில்லை. நாள் எண்ணுவது சரியாக எண்ணினாலும் தவறும். வேறு வழிகளும் இருக்கின்றன. புதிதாகக் கல்யாணமானவர்களே, இரண்டு பேருமாக உள்ளே போய் டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். ஸ்கூட்டரை யாரும் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள்.

அடுத்த மாதம் என் தங்கை வசந்திக்குக் கல்யாணம். போன வாரம் இங்குள்ள கடைவளாகத்தில், பொதுத் தொலைபேசியிலிருந்து அவளைக் கூப்பிட்டேன்.

"அக்கா, ஹால் முழுக்க ஆளுங்க. அம்மா பக்கத்துலயே நிக்கிறாங்க" என்று கிசுகிசுத்தாள்.

"நீ பேசாத, கேளு. நாள் எண்ணும்போது..."

"லைன் சரியில்லக்கா. சத்தமா சொல்லு."

"ரத்தம் பட்ட நாள்தான்டி முதல் நாள்! குளிச்ச நாள் இல்ல! மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு டாக்டர்கிட்ட போ!"

வசந்தி கூடம் முழுக்கக் கேட்கச் சொன்னாள்: "சரிக்கா, சாம்பார் பொடிதானே? புரிஞ்சுது. நல்லாவே புரிஞ்சுது."

இங்கே ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் காத்திருந்த வெள்ளைக்காரக் கிழவர் மட்டும், வீட்டில் ஏதாவது சண்டையா என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்கு முகம் சிவந்தது. "இல்லை, சாம்பார் பொடி" என்றேன்.