முகம் காட்டாத படங்கள்

வீடற்றவர் என்ற சொல்லுக்கு வருவாய்த் துறையில் தெளிவான பொருள் உண்டு. தனக்கு வீடு இல்லை என்று மனுக் கொடுப்பவர், முதலில் தான் குடியிருக்கும் இடத்துக்குச் சான்று இணைக்க வேண்டும். நான் பணியில் இருந்த காலம் முழுவதும் இந்த விதியைப் பற்றி எழுத்துமூலம் ஒரு புகாரும் வந்ததில்லை. புகார் செய்யக்கூடியவர்களுக்குப் பதில் அனுப்ப முகவரி இல்லை என்பது காரணமாக இருக்கலாம்.

இதை என் மனைவியின் தம்பி மகளிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டாள். சென்னையில் ஒரு கல்லூரியில், புத்தகங்களுக்குப் படம் வரையும் படிப்பில் கடைசி வருடம். குழந்தைகளுக்கான படப்புத்தகம் ஒன்றை முழுதாகச் செய்து கொடுத்தால்தான் பட்டம். கூடப் படித்தவர்கள் முயல், நிலா, யானை என்று எடுத்துக்கொள்ள, இவள் வீடில்லாதவர்களை எடுத்துக்கொண்டாள். அதற்காக சிதம்பரத்தில் எங்கள் மாடியறையில் வந்து தங்கினாள். பிள்ளைகள் வெளிநாடு போனதிலிருந்து மாடி காலியாகத்தான் கிடக்கிறது. வீடில்லாதவர்களைப் பற்றி யோசிக்க மிகவும் வசதியான வீடு.

“மாமா, இங்க வீடில்லாதவங்க எங்க இருப்பாங்க?” என்று வந்த அன்றே காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

தங்கும் விடுதிகளைப் பற்றியும், உள்ளே போய்ப் படம் வரைய யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதையும் சொன்னேன். அவளுக்கு விடுதி வேண்டாமாம். அங்கே இருப்பவர்களுக்குத்தான் கூரை வந்துவிட்டதே, படத்துக்கு ஆகாது என்றாள். மறுநாள் ரயிலடிப் பக்கம் போனவள் தனக்கு வேண்டிய ஆளைக் கண்டுபிடித்துவிட்டுத் திரும்பினாள்.

ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் வரும் சாலையில் மூடிப்போன சைக்கிள் கடை ஒன்று இருக்கிறது. அதன் ஷட்டருக்கு முன்னால் படுக்கும் பெண். அறுபது வயது இருக்கும். விடிவதற்குள் எழுந்து, குழாயடியில் முகம் கைகால் கழுவி, எண்ணெய் தடவி இறுக்கமாகக் கொண்டை போட்டு, படுக்கையைச் சாக்கில் கட்டிப் பக்கத்து டீக்கடையில் ஒப்படைத்துவிட்டு, பாசஞ்சர் ரயிலில் ஏறிக் கடலூர் முதுநகருக்குப் போவாள். அங்கே மீன் மார்க்கெட்டில், வாங்குகிறவர்களுக்கு மீன் அரிந்து கொடுப்பது தொழில். சாயங்காலம் அதே ரயில் பாதையில் திரும்பி ஷட்டருக்கு வருவாள். சீசன் டிக்கெட் வைத்திருந்தாள். படுக்க இடமில்லாமல் சீசன் டிக்கெட் வைத்திருந்த ஒருத்தியை என் அனுபவத்தில் நான் வேறு எங்கும் கண்டதில்லை.

முதுநகரில் இல்லாத ஷட்டரா சிதம்பரத்தில் இருக்கிறது என்று என் மனைவி கேட்டாள். விஷயமே அதுதான். அந்த மீன்காரியின் ஊர் முதுநகரை ஒட்டிய கடற்கரையில் இருந்தது. கடல் உள்ளே வந்து போன பிறகு அரசு கட்டிக் கொடுத்த வீடு அவளுக்கும் புருஷனுக்கும் இருந்தது. புருஷன் போன பின் மகன் ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கினான்; மருமகள் சோற்றுப்பானையைத் தனியாக எடுத்து வைத்தாள். சண்டை போடாமல் வெளியே வந்துவிட்டாள். வந்தவள், சிதம்பரத்தில் ஓர் ஆபீசர் வீட்டில் தங்கிச் சமைப்பதாக ஊரிலும் மார்க்கெட்டிலும் சொல்லி வைத்திருந்தாள். காலையில் சிதம்பரத்து ரயிலில் வந்து இறங்குகிறாள், சுத்தமாக இருக்கிறாள், எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கை ஒன்றுதான் அவளுக்கு மிச்சம் இருந்த சொத்து.

ஆகவே படம் வரையச் சம்மதிக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“மொகம் வரக்கூடாது பாப்பா. எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரிஞ்சா நான் மார்க்கெட்டுல ஒக்கார முடியாது.”

கல்லூரியில் அச்சடித்துக் கொடுத்த ஒப்புதல் படிவத்தில் அந்த நிபந்தனையை இவள் தன் கையாலேயே எழுதிச் சேர்த்து அவளிடம் கையெழுத்து வாங்கினாள். என்னிடம் காட்டினாள். முறையாக இருந்தது.

பிறகு தினமும் அவளோடு ரயிலில் போய் வந்தாள். மார்க்கெட்டில் அவள் பின்னால் ஒரு ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து வரைவாள். யார் இந்தப் பெண் என்று மற்ற மீன்காரிகள் கேட்டதற்கு, தான் சமைக்கும் வீட்டு ஆபீசரின் மருமகள் முறை என்று அவள் சொல்லியிருக்கிறாள். இப்படியாக, விண்ணப்பிக்காமலேயே அந்த ஆபீசர் பதவி எனக்கு வந்து சேர்ந்தது.

அன்றைய பேச்சை இவள் சாப்பிடும்போது நடித்துக் காட்டினாள். பக்கத்துக் கடைக்காரி கேட்டாளாம்: “ஏ பீச்சாங்கை, ஒங்க ஆபீசரு எந்தக் கொழம்புக்கு மயங்குவாரு?”

“சங்கராவ தொடமாட்டாரு. மத்தின்னா தட்டயும் தின்னுடுவாரு.”

“ஆபீசருன்ற. மத்தி திங்கிறாருன்ற.”

“ரிட்டையர்டு ஆனவருடி. பென்ஷனுக்கு மத்திதான் வரும்.”

எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை. ஆனாலும் பென்ஷனைப் பற்றிய மதிப்பீடு சரியாகவே இருந்தது.

பீச்சாங்கை என்று அவளைக் கூப்பிட்டதை இவள் வெறும் கேலி என்று எடுத்துக்கொண்டாள். அது கேலி மட்டும் இல்லை, அடையாளம். அருவாமனைப் பலகையை மற்றவர்கள் வலது காலால் அழுத்திக்கொண்டு உட்காருவார்கள். அவள் இடது காலால் அழுத்தி, இடது கையில் மீனின் தலையைப் பிடித்து, எதிர்ப்பக்கமாகத் திரும்பி அரிவாள். அந்த மார்க்கெட்டில் அப்படி உட்காருபவள் அவள் ஒருத்திதான். வரிசையின் கடைசியில் இருந்து பார்த்தாலும் முதுகைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

புத்தகம் தயாரானது. நன்றாகவே இருந்தது, அதை மறுக்க முடியாது. பக்கத்துக்குப் பக்கம் அதே கொண்டை, அதே பச்சைக்கரைப் புடவை. மீன் அரிகிறாள், ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள், சாக்கை அவிழ்க்கிறாள், ஷட்டருக்கு முன் சுருண்டு படுக்கிறாள். எல்லாம் பின்பக்கம் இருந்து. முகத்தைக் காட்டாததால் உடம்பை மிகவும் கவனித்து வரைய வேண்டியிருந்தது என்று பெருமையாகச் சொன்னாள். இடது கால், இடது கை, மீன் தலையை அழுத்தும் கட்டைவிரலின் வளைவு உட்பட எல்லாம் அச்சு அசல். நானும் ஒரு முறை முழுதும் புரட்டினேன். ஒரு பக்கத்திலும் முகம் இல்லை. நிபந்தனை நிறைவேற்றப்பட்டிருந்தது.

கல்லூரியில் பாராட்டினார்கள். கடலூரில் ஒரு சேவைச் சங்கம் புத்தகத்தை மொத்தமாக அச்சிட்டு, கடற்கரை ஊர்ப் பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுக்க முன்வந்தது. ஏழைப் பிள்ளைகள் ஏழைகளைப் பற்றிப் படித்தால் பண்பு வளரும் என்று அதன் தலைவர் கூட்டத்தில் பேசினார். நாங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினோம். அதற்குப் பிறகு, புத்தகத்துக்குரியவளுக்கும் ஒரு பிரதி கொடுப்போம் என்று இவள் முதுநகருக்குப் போனாள்.

திரும்பி வந்தவளின் முகம் மலர்ந்திருந்தது. பிள்ளைகள் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், மார்க்கெட்டில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள், அவளிடம் எவ்வளவு அன்பாக நடந்துகொள்கிறார்கள் தெரியுமா என்றாள். ஒருத்தி இட்லிப் பொட்டலம் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாளாம். இன்னொருத்தி பழைய புடவை ஒன்றைப் பையில் போட்டுக் கொடுத்தாளாம். ஒருவரும் பீச்சாங்கை என்று கூப்பிடவில்லையாம்.

“அந்தம்மா ஒண்ணும் சொல்லலையா?” என்று என் மனைவி கேட்டாள்.

“யார் செத்துட்டாங்கன்னு எல்லாரும் இப்புடி மூஞ்ச வச்சிருக்கீங்கன்னு கேட்டாங்க அத்தை. எல்லாரும் என்னையே பாத்தாங்க. நான்தான் புக்கைக் குடுத்தேன்.”

வாங்கி, ஷட்டர் படத்தை மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு, ஈரக் கையோடு மூடி வைத்தாளாம். அப்புறம் மாலைவரை மீன் அரிந்தாளாம். இட்லியைத் தொடவில்லை. நெகிழ்ந்துபோய்விட்டாள் என்று இவள் முடிவு செய்திருந்தாள்.

அந்த வாரத்திலேயே ஒருவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உட்காரச் சொல்லியும் நின்றான். அவளுடைய மகன். மார்க்கெட்டில் விசாரித்து, டீக்கடையில் விசாரித்து, ஆபீசர் வீட்டைக் கண்டுபிடித்திருந்தான்.

“எங்கம்மா இங்கதான் சமைக்குதா சார்?”

ஆமாம் என்றேன். தயங்கவில்லை. மோப்பம் பிடிப்பதுபோல உள்ளே பார்த்தான்.

“அதுக்கு மீன் கொழம்பத் தவிர ஒண்ணும் வைக்கத் தெரியாது. இங்க சாம்பார் வாசன வருது.”

அவன் உண்மையைத் தேடி வரவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். நம் ஊர்ப் பெண் தெருவில் படுப்பதாகப் புத்தகம் போட்டு ஊர் ஊராகக் கொடுத்திருக்கிறார்கள், பதில் சொல் என்று. அம்மா என் வீட்டில்தான் இவ்வளவு நாளும் தங்கியிருந்தாள் என்று நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் தப்பித்துக்கொள்வான். பார்த்தால் பரிதாபமாகத்தான் இருந்தது. தாயைத் துரத்தியதற்கு அவனுக்கு வெட்கமில்லை. துரத்தியது அச்சில் வந்ததற்கு வெட்கம்.

எழுதிக் கொடுத்தேன். அவனுக்காக இல்லை. பெயர், வயது, தங்கியிருந்த காலம், செய்த பணி, நன்னடத்தை, கீழே என் கையெழுத்து, ஓய்வு பெற்ற பதவி. ஒரு பொய்யை அவ்வளவு சுத்தமாக வேறு யாரும் எழுதியிருக்க முடியாது. என் பணிக்காலம் முழுவதும் எதிரில் நிற்கிற மனிதரைவிடக் கையில் இருக்கிற காகிதமே ஜெயித்துப் பார்த்திருக்கிறேன். இதுவும் ஜெயிக்கும் என்று நம்பினேன்.

பஞ்சாயத்தில் ஒருவர் என் சான்றை உரக்கப் படித்தாராம். இன்னொருவர் புத்தகத்தைப் பிரித்து மீன் அரியும் பக்கத்தைக் காட்டி, அப்படியானால் இது யார் என்று கேட்டாராம். பிறகு என் காகிதத்தை யாரும் கையில் எடுக்கவில்லை. அம்மாவை வீட்டில் சேர்க்க வேண்டும், இனி அவள் மார்க்கெட்டில் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் வருகிற போகிறவர்கள் எல்லாம் படத்தையும் ஆளையும் ஒத்துப் பார்ப்பார்கள் என்று தீர்ப்பு. மறுநாள் மகனும் ஊர்க்காரர்கள் சிலரும் வேனில் வந்து, டீக்கடையிலிருந்த சாக்கையும் அவளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

“நம்ம புக்கால அவங்களுக்கு வீடு கிடைச்சிடுச்சு மாமா,” என்று எங்கள் வீட்டுப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கல்லூரியில் அந்தப் புத்தகத்துக்கு அந்த ஆண்டின் முதல் பரிசு. இரண்டாம் பதிப்பில் கடைசியாக ஒரு பக்கம் சேர்த்தாள். நீலக் கதவு வைத்த ஒரு வீடு, வாசலில் அவள் நிற்கிறாள். முதல் தடவையாக முன்பக்கம் பார்த்து. இப்போதுதான் வீடு இருக்கிறதே, முகம் தெரிந்தால் என்ன என்று இவளுக்குத் தோன்றியிருக்கிறது. முகத்தில் சிரிப்பும் வரைந்திருந்தாள்.

அந்தப் பதிப்பை நேரில் கொடுத்து, சேர்ந்து ஒரு போட்டோவும் எடுக்க வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போனாள். வழி கேட்டோம். புக்குக் கெழவி வீடா என்று ஒரு பெண் கையை நீட்டினாள்.

வீட்டுக்குள் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவள் உள்ளே இல்லை. பக்கவாட்டில் சுவரோடு சாய்த்து இறக்கிய தகரத்தின் கீழ், வலைக் குவியலுக்கும் தண்ணீர்க் குடங்களுக்கும் நடுவே அந்தச் சாக்கு விரித்திருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து, மருமகளின் சமையலுக்கு மீன் அரிந்துகொண்டிருந்தாள். தலை வாரவில்லை. எங்களைப் பார்த்ததும் எழவில்லை. உட்காருங்கள் என்று சொல்ல அவளுக்கு இடமும் இல்லை.

இவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அவள் கையைப் புடவையில் துடைத்துவிட்டு நீலக் கதவைப் பார்த்தாள். பிறகு இவளை விட்டுவிட்டு என்னைக் கேட்டாள்.

“இந்த வூடு எங்க இருக்குது சார்?”

நான் பதில் சொல்வதற்குள், அது கற்பனைதான் அம்மா என்று இவள் சொன்னாள். அவள் தலையாட்டினாள். மருமகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, மீன் ஆச்சா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

போட்டோவுக்காக இவள் போனை எடுத்து, கொஞ்சம் இப்படித் திரும்பிச் சிரியுங்கள் அம்மா என்றாள். அவள் அருவாமனையோடு எங்களுக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். இடது காலால் பலகையை அழுத்தினாள்.

“பின்னாலேர்ந்தே எடு பாப்பா. அப்பதான எல்லாருக்கும் நான்னு தெரியுது.”

இவள் எடுத்தாள்.