ரிலீவர் வராத ஷிப்ட்

ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் அப்போது நான் பர்சனல் ஆபீசர். மனித மனத்தைப் பற்றித் தடித்தடியாக நாலைந்து புத்தகங்கள் படித்திருந்தேன். மதியத் தூக்கத்துக்கு அவை நன்றாக உதவின.

ஒரு ஞாயிறு காலை சேரப்பணஞ்சேரியிலிருந்து போன். எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் புதிதாகச் சேர்ந்த திருநெல்வேலிக்காரன் நாலு நாளாகத் தூங்கவில்லை. குழாயடியில் நின்று, வருகிற குடங்களைச் சோதித்து, நெளிந்ததற்கெல்லாம் சிவப்பு மார்க்கரால் பெருக்கல் குறி போடுகிறான்.

"என் குடம் இன்னா பாவம் பண்ணுச்சி சார்? போலீசாண்ட சொல்லட்டா?" என்றார், அவன் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மாள்.

ஜீப்பில் ஏற்றினால் அவன் வேலை போகும்; ஊரில் பெயரும் போகும். அவரிடம் ஒரு மணி நேர அவகாசம் கெஞ்சி வாங்கி, வீட்டுக்கே வேன் அனுப்பும் ஒரு மனநல மையத்துக்குப் போன் செய்துவிட்டு ஓடினேன்.

வேன் வருவதற்குள் நானே சரிசெய்துவிடலாம் என்று மனதின் ஆழம் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

"தள்ளி நில்லுங்க சார். குடம் வருது."

வேனில் வந்த நர்ஸ் அம்மாள் பத்து நிமிடம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஷிப்ட் முடிஞ்சிருக்குமேப்பா, கிளம்பலையா?" என்றார்.

"ரிலீவர் வரலியேக்கா. எடத்த விட்டுட்டு எப்படிப் போவ?"

அடுத்த ஆள் வந்து கையெழுத்துப் போடாமல் யாரும் இடத்தை விட்டு நகரக்கூடாது என்பது எங்கள் தொழிற்சாலை விதி. டைப் அடித்துச் சுவரில் ஒட்டியவன் நான்தான்.

நர்ஸ் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்கதான் ரிலீவர்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "செருப்போட வந்திருக்கிய. லைன்ல விடுவாவளா?"

அதுவும் நான் ஒட்டிய விதி. பக்கத்து அறைக்காரரின் சேப்டி ஷூவை, இரண்டு சைஸ் சிறியது, மாட்டிக்கொண்டு நொண்டியபடி வந்தேன். காலண்டர் தாளில் கையெழுத்து வாங்கி, மார்க்கரைக் கொடுத்துவிட்டு, அவனாகவே வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். கண் மட்டும் என் மேல்.

வீட்டுக்கார அம்மாளின் குடம் வந்தது. "நல்ல குடம்தாம்மா" என்றேன்.

"அடியப் பாருங்க சார்" என்றான் ஜன்னலிலிருந்து.

பார்த்தேன். ஒழுகியது. பெருக்கல் குறி போட்டேன். அவன் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினான், வேன் கிளம்பியது.

"சரியாத்தான் சொல்லிக்கீறான்" என்றார் அம்மாள், குடத்தைத் திருப்பிப் பார்த்து. "அவன் ரூம வேற யாருக்கும் வுடல சார். வரட்டும்."

ஆறு வாரம் கழித்து அதே ரூமுக்கும் வேலைக்கும் வந்தான்.