பசி வந்த கிருமி

எங்கள் ஒட்டுசுட்டான் பக்கத்தில் மருந்துக் குளிசை முடிந்தாலும் வெறும் அட்டையை எறியமாட்டார்கள். கூரைத் தகரத்துக்குக் கீழே செருகி வைத்து, அடுத்தமுறை எந்த வருத்தம் வந்தாலும் அதைக் கடையில் காட்டி, "இதே குளிசை தாங்கோ" என்று வாங்கிவருவார்கள். என்னுடைய மனுசன் இந்த வித்தையில் பட்டம் எடுத்தவர்.

போன காலபோக நெற்செய்கையில் வரம்பு வெட்டும்போது மண்வெட்டி அவர் காலில் பட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் மருந்து கட்டிக் கப்சூல் கொடுத்தார்கள். காயம் ஆறியும் மனுசன் கப்சூலை விடவில்லை. சேற்றில் நிற்கிற காலுக்குக் காவல் வேண்டுமாம்! அட்டையைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்கி விழுங்கினார்.

பிறகு வயிற்றோட்டம் தொடங்கியது.

"உந்தக் கோதாரிக் கப்சூலை விடுங்கோ" என்று கத்தினேன்.

"வயித்துக்கும் இதுதான் கேக்கும், நீ சும்மா இரு" என்று இன்னும் இரண்டைப் போட்டுக்கொண்டார். சொன்னால் கேட்கிற பிறவியா அது?

வயிறு ஊதி, காய்ச்சல் காய்ந்து, எழும்ப முடியாமல் போனபோது அயலவரின் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டொக்டர் ஒரு இளம்பிள்ளை. சோதித்துப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"ஐயாவின்ர குடலில ஒரு பொல்லாத கிருமி பெருகியிருக்கு, அம்மா. நல்ல கிருமியள் நிறைய இருக்கேக்க அதுக்கு இடமும் இல்லை, தீனும் இல்லை. கப்சூல் அந்த நல்லதுகளை அழிச்சுப்போட்டுது. இது தனிக்காட்டு ராசாவாப் பெருகிட்டுது. பெருகினதுக்குப் பிறகு தீன் தட்டுப்பட்டா நஞ்சு விடத் தொடங்கும்."

"நஞ்சை விட்டு அதுக்கு என்ன லாபம்?"

"குடல் தோல் கரைஞ்சா அதில தின்ன ஏதும் கிடைக்கும். வயிறு நிறைஞ்சிருந்தா அவ்வளவாய் நஞ்சு விடாது."

"அப்ப சீனித்தண்ணி குடுத்தா அடங்குமோ?"

அவர் லேசாகச் சிரித்தார். "ஆய்வுகூடத்தில சீனி கிடைச்சா நஞ்சு குறையுதுதான். மனுசற்ற வயித்தில அப்பிடிச் சுகமாய் நடக்காது. பழைய கப்சூலை நிப்பாட்டி வேற மருந்து குடுக்கிறம். ஆனா இண்டைக்கும் நாளைக்கும் பயம்தான், அம்மா. அது தாண்டினால்தான் சொல்லலாம்."

திரும்பி வந்து கட்டிலருகே இருந்தேன். என் வாய் அடைத்துவிட்டது. துடைத்தேன், கட்டியிருந்த சாரத்தை மாற்றினேன், உப்புச்சீனித் தண்ணீரைக் கரண்டியால் பருக்கினேன். அவர் கண்ணைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்தேன். இந்த மனுசன் இல்லாத வீட்டை என்னால் நினைக்கவே முடியவில்லை.

காய்ச்சல் விட்டு, கஞ்சி வயிற்றில் தங்கிய அன்று டொக்டர் அவருக்கும் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். டொக்டர் போனதும் என் மனுசன் கூரையைப் பார்த்தபடி, "பாவம், அதுக்கும் பசி" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம்! "உங்களைத் தின்னப் பாத்த கிருமிக்கோ பாவம் பாக்கிறியள்? இங்க ஒருத்தி பச்சைத்தண்ணியும் இறங்காமல் கிடந்தாளே, அவள் பாவமில்லையோ?"

"சண்டை முடிஞ்சு செட்டிகுளம் முகாமில மனுசரே பசியில என்ன பாடுபட்டவை எண்டு பாத்தனாங்கள்தானே. கிருமி என்ன செய்யும்?"

அது உண்மைதான். அதற்காக விட்டுவிடுவேனா? கப்சூலில் தொடங்கி, கலியாணம் பேசிவந்த தரகர்வரைக்கும் இழுத்து ஏசினேன். பக்கத்துக் கட்டில்காரர் எழும்பி இருந்து கேட்டார். தாதி வந்து, "அம்மா, மெதுவாக் கதையுங்கோ" என்றார். இவரோ சிரித்துக்கொண்டு கிடந்தார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

"என்ன சிரிப்பு?" என்றேன்.

என் கையைப் பிடித்தார். "ஏசு, ஏசு. ஒரு சொல்லும் ஏசாமல் என்னைத் துடைச்சுக்கொண்டு இருந்தாய் பார், அப்பதான் நான் சாகப்போறன் எண்டு நினைச்சனான்."