என் நோய்க்கு ஒரு பேரு கேட்டு நின்னேன்

எல்லாருக்கும் வணக்கமுங்க. என் பேரு சரசு. ஏற்காட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல பழக்கடை வெச்சிருக்கேன். எங்கூட்டுக்காரரு ஜீப் ஓட்டறாரு. நம்ம சேர்வராயன் சாமி எனக்குச் செஞ்சதைச் சொல்லச் சொன்னீங்க. மேடையில பேசிப் பழக்கமில்ல. நடந்ததை நடந்தபடி சொல்றனுங்க.

எண்பத்தாறாம் வருஷம், ஐப்பசி மாசம். மழையும் பனியுமா இருந்த நேரம். எனக்கு மூணாவது தடவையா கண்ணு மஞ்சளாச்சு. முதல் ரெண்டு தடவையும் கீழாநெல்லி அரைச்சு மோருல குடிச்சேன். உப்பில்லாத பத்தியம் இருந்தேன். மஞ்சள் இறங்குச்சு, திரும்ப வந்துச்சு. இந்தத் தடவை இறங்கவே இல்லைங்க. விரல் மூட்டெல்லாம் வலி. தராசைத் தூக்கினா கை நடுங்கும். கால் வீங்கிப் போச்சு.

சேலத்துல ஒரு டாக்டர்கிட்டப் போனோம். "குடிக்கற பழக்கம் உண்டாம்மா?"ன்னு கேட்டாரு. கேக்க வேண்டிய கேள்விதான், இப்பத் தெரியுது. அன்னிக்கு எனக்கு உசுரே போச்சு. டானிக் எழுதிக் குடுத்து, "தானா சரியாயிரும்"னு அனுப்பிட்டாரு.

சரியாகல. கடைக்கு வர்றவங்க என் கண்ணைப் பாத்துட்டு, எடுத்த கொய்யாவைத் திரும்ப வெச்சுட்டுப் போனாங்க. ஊட்டுல என் நாத்தனார் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வெச்சாங்க. அவங்களைக் குத்தம் சொல்லலைங்க, எல்லாருக்கும் பயம். எம்பொண்ணு செல்விக்கு அப்ப ஆறு வயசு. அவளைப் பக்கத்துல விடல. அவ வாசப்படியில நின்னுக்கிட்டு, "அம்மா, எப்பம்மா உங்கிட்டப் படுப்பேன்?"னு கேப்பா. நான் சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை எங்கூட்டுக்காரருகிட்ட, "ஏனுங்க, என்னைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னேன். அவருக்கு அப்ப சாமி நம்பிக்கை கம்மி. ஆனாலும் ஜீப்புல கூட்டிட்டுப் போனாரு. சாமி இருக்கறது மலைக் குகைக்குள்ளதானுங்களே, குனிஞ்சு போனேன். நிமிரத் தெம்பில்ல, அப்படியே உக்காந்துட்டேன். காப்பாத்துன்னு கேக்கலைங்க. அதைக் கேட்டுக் கேட்டு வாய் ஓஞ்சு போச்சு. "சாமி, இது என்ன நோவுன்னு ஒரு பேராவது சொல்லு. பேரு தெரியாம என்னைக் கொல்லாத"ன்னு அழுதேன். அவ்வளவுதான் கேட்டேன்.

அடுத்த வாரம் நல்ல மழை. மலைப்பாதையில மரம் சாஞ்சு, சேலம் பஸ் வரல. ஊர் பாக்க வந்த ஒரு அம்மா என் கடை படுதாவுக்குள்ள ஒதுங்குனாங்க. கொய்யா கேட்டாங்க. நான் காசு வாங்கக் கையை நீட்டுனேன். அவங்க என் உள்ளங்கையைப் பாத்தாங்க. அது செக்கச்செவேல்னு இருந்துச்சு. அப்புறம் கண்ணைப் பாத்தாங்க.

"எத்தனை நாளாம்மா இப்படி?"

"ஒன்னரை வருசமுங்க. வருது, போகுது."

"மூட்டு வலிக்குதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் அதைச் சொல்லவே இல்லையே! அவங்க மெட்ராஸ்ல கல்லீரல் நோய்க்குன்னே பாக்கற டாக்டருங்க. மரத்தை வெட்டி எடுக்கற வரைக்கும், ரெண்டு மணி நேரம், பழக்கூடை மேல உக்காந்து என்னை விசாரிச்சாங்க. சீட்டு எழுதிக் குடுத்து, "தள்ளிப் போடாதீங்க"ன்னாங்க.

மெட்ராஸ் போனோம். ரத்தம் எடுத்தாங்க. விலாவுல ஊசி விட்டுக் கல்லீரல்ல துளி சதை எடுத்தாங்க. நாலாம் நாள் அந்த டாக்டரம்மாவே வந்து சொன்னாங்க. "இதுக்குப் பேரு ஆட்டோ இம்யூன் ஹெபடைட்டிஸ். கிருமியை அடிக்கறதுக்கு உடம்புல ஒரு காவல் இருக்கும்மா. உங்களுக்கு அந்தக் காவலே கல்லீரலை எதிரின்னு நெனச்சு அடிக்குது. நீங்க செஞ்ச தப்பு எதுவும் இல்ல. இது யாருக்கும் ஒட்டாது."

"ஒட்டாதுங்களா? பொண்ணு பக்கத்துல படுக்கலாங்களா?"

"தாராளமா."

பேரு வந்துருச்சுங்க! நான் கட்டில்லயே கும்பிட்டு விழுந்தேன்.

ரெண்டு விதமான மாத்திரை குடுத்தாங்க. முகம் பூசணிக்காயாட்ட ஊதிருச்சு. பசி நொம்ப. ஆனா ரெண்டே மாசத்துல கண்ணு வெளுத்துச்சு. செல்வி என் கழுத்தைக் கட்டிக்கிட்டுத் தூங்கினா.

இனி நான் சொல்றது என் புத்திகெட்ட வேலை. மறைக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன்.

ஒரு வருசம் கழிச்சு, சாமி என்னைக் குணமாக்கிருச்சுன்னு நானா முடிவு பண்ணேன். இன்னும் மாத்திரை போட்டா சாமியை நம்பாத மாதிரின்னு நெனச்சேன். யாருகிட்டயும் சொல்லாம நிறுத்திட்டேன். மூணு மாசம் ஒன்னும் தெரியல. நாலாம் மாசம் வயிறு வீங்குச்சு. ஒரு நாள் காலையில செல்வி தலை பின்னச் சொல்லி வந்தா. அவளைப் பாத்து, "நீ யாரு கண்ணு?"ன்னு கேட்டேனாம். எனக்கு நெனவில்லைங்க. பெத்த புள்ளையைத் தெரியல.

எங்கூட்டுக்காரரு என்னை ஜீப்புல படுக்க வெச்சுட்டு மலை இறங்கியிருக்காரு. கும்பிடாத மனுசன், ஒவ்வொரு வளைவுலயும் "சேர்வராயா, சேர்வராயா"ன்னு கத்திக்கிட்டே அடிவாரம் வரைக்கும் ஓட்டுனாராம். கூட வந்த நாத்தனார்தான் சொன்னாங்க. அவங்க மடியிலதான் என் தலை இருந்துச்சு.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில எனக்குத் தெளிய ஒன்பது நாளாச்சு. டாக்டரம்மா திட்டல. "கல்லீரல்ல தழும்பு விழுந்துருச்சு சரசு. அது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்தலாம். நான் சொல்லாம மாத்திரையை நிறுத்தாதீங்க"ன்னாங்க.

எனக்குச் சாமி மேல கோவம். "நான் நம்பித்தானுங்களே விட்டேன்?"னு எங்கூட்டுக்காரருகிட்ட அழுதேன். அவரு சொன்னாரு: "இறக்கத்துல வண்டி மெதுவா போகுதுன்னு பிரேக்குல இருந்து காலை எடுப்பனா, சரசு? நீ பேரு கேட்ட, சாமி சொல்லுச்சு. மழையில டாக்டரைக் கடை வாசலுக்கே கொண்டாந்து நிறுத்துச்சு. நீதான் அதைத் தூக்கிப் போட்ட."

நான் கையை நீட்டி மாத்திரையை வாங்கி முழுங்கினேனுங்க.

நோவுக்குப் பேரு தெரிஞ்சு இப்ப பத்து வருசமாச்சு. முழுசா குணமாயிட்டேன்னு சொல்ல நான் இங்க வரல. மூணு மாசத்துக்கொருக்கா சேலம் போய் ரத்தம் குடுக்கறேன். சக்கரை வந்துருக்கு. எலும்பு தேய்மானமும் இருக்கு. சில நாள் எந்திரிக்கவே முடியாது, கடை மூடித்தான் கெடக்கும். ஒவ்வொரு தடவையும் ரிசல்ட் வர்ற வரைக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா தெனமும் காலையில விபூதி பூசிக்கிட்டு மாத்திரையை உள்ளங்கையில வெச்சுக் கும்பிட்டுத்தான் முழுங்கறேன். எனக்கு ரெண்டும் ஒரே பிரசாதமுங்க. எம்பொண்ணு பத்தாவது முடிச்சுட்டா. அவ தலையை நான்தான் பின்னி விடறேன்.

உங்கள்ல யாருக்காவது மஞ்சள் வந்து வந்து போனா, பத்தியத்துல நாளைக் கழிக்காதீங்க. எங்கூடச் சேலத்துக்கு வாங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். சாமிகிட்டயும் வாங்க. பயம் போன பொறவு வரலாம்னு இருக்காதீங்க. நான் இன்னிக்கும் பயத்தோடதான் போய் நிக்கறேன். சாமி ஒரு நாளும் என்னை வெளிய போன்னு சொன்னதில்லைங்க.